பெயரில்லாக் கோப்புகள்

இடமில்லை என்று மூன்றாவது தடவையும் சொல்லிவிட்டது கணினி. மகள் விமான நிலையத்திலிருந்து அனுப்பிய அவள் அம்மாவின் படம் பாதி இறங்கி நின்றது. தலைமுடி, நெற்றி, சிரிக்கிற கண்கள் வரைக்கும் வந்திருந்தன. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"வந்துச்சா மாமா?" என்று வாசலில் நின்றபடி மச்சினன் கேட்டான். செருப்பைக் கழற்றாமல், கையில் வண்டிச் சாவியோடு நின்றான்.

"பாதிதான் வந்துருக்கு. டிஸ்க்குல இடமில்ல. கொஞ்சம் இரு மாப்ள."

"பெண்டிரைவ்ல போட்டுக் குடுத்துருங்க. போன்ல வாங்கினா மங்கிடும். பெருசா அடிக்கணும்ல." மச்சினன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். அக்காவின் படத்தைத் தன் கையாலேயே அச்சடிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தான். அழுதால் ஒரேயடியாக உட்கார்ந்துவிடுவோம் என்று பயந்து காலையிலிருந்து ஏதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு அலைந்தான்.

அவர் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று பார்த்தார். எல்லாம் கணினி தானாக எழுதி வைக்கிற log என்ற பதிவுக் கோப்புகள். ஒரே வரிதான் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு லட்சக்கணக்கில் கிடந்தது: விசைப்பலகை கிடைக்கவில்லை. மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, தான் பேசுவதற்கு வைத்திருந்த சின்ன விசைப்பலகையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். வீட்டிலிருந்த கணினி அன்றிலிருந்து நொடிக்கொரு தடவை அதைத் தேடியிருக்கிறது; கிடைக்கவில்லை என்று நொடிக்கொரு தடவை எழுதி வைத்திருக்கிறது. டிஸ்க் முழுக்க அதுதான். இன்று விடியற்காலை அவள் இறந்தபோதும் அது அந்த வரியைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கும்.

அவற்றை அழிக்க அவர் ஒரு கட்டளையைத் தட்டினார். எண்டரை அழுத்தினார். கணினி பேசாமல் அடுத்த வரிக்கு வந்தது. படத்தை மறுபடியும் இறக்கினார். இந்தத் தடவை மூக்கு, உதடு, தோளுக்குக் குறுக்கே சீட் பெல்ட், ஸ்டியரிங்கைப் பிடித்த கை என்று முழுதாக வந்தது. பெண்டிரைவை வாங்கிக்கொண்டு மச்சினன் கிளம்பினான்.

அவருடைய வேலை, ஊருக்குத் தண்ணீர் வினியோகிக்கிற அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. அங்கே அவரை எல்லோரும் 'ரூட்டு சார்' என்பார்கள். லினக்ஸில் ரூட் என்றால் எல்லா அதிகாரமும் உள்ள ஆள். எதைச் சொன்னாலும் கணினி மறுபேச்சுப் பேசாமல் செய்யும். இது தெரியவந்ததும் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆபீஸ்ல இருந்துக்கோங்க. வீட்டுல ரூட்டு நான்தான்" என்றாள். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்தவள். பக்கத்து வண்டிக்காரனும் பிரேக் போடுகிற மாதிரிக் குரல். தொண்டையில் கட்டி என்று தெரிந்து, குரல்வளையை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ ஸ்டூடண்டை எப்படித் திட்றது?" டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் ரூட்டு ஒரு மைக் வாங்கி வந்தார். வேண்டிய வார்த்தைகளை அவள் குரலிலேயே பதிந்து வைத்துக்கொள்வது, பிறகு விசையைத் தட்டினால் கணினி அதைப் பேசுவது என்று ஏற்பாடு. எதையெல்லாம் பதிவது என்பதில் இருவருக்கும் சண்டை. அவர் வலிக்குது, தண்ணி வேணும், டாக்டரைக் கூப்பிடுங்க என்று எழுதிக்கொண்டு வந்தார். அவள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "நான் என்ன படுத்த படுக்கையாவா கெடக்கப்போறேன்? மொதல்ல 'யார் கேட்டா உங்கள'ன்னு ஒண்ணு போடுங்க. அதுதான் நெறைய வேணும்" என்றாள். அவர் ஆபீஸ் போன பிறகு தானே உட்கார்ந்து பதிந்தாள். சரியாக வராததை அழித்துவிட்டு மறுபடியும் பதிந்தாள். கடைசியில் தேறியவை: என்னங்க. சாப்பாடு ரெடி. யார் கேட்டா உங்கள. கொஞ்சம் சும்மா இருக்கீங்களா. பிரேக். அவர் ஒரே விஷயத்தை இழுத்துக்கொண்டு போனால் சமையலறையிலிருந்து பிரேக்கைத் தட்டுவாள். மகளைச் செல்லமாகக் கூப்பிட 'வாலு' என்று ஒன்று. அவளோடு போனில் பேசுவதற்கு 'அப்புறம்' என்று ஒன்று. அந்த ஒரே வார்த்தையைத் தட்டித் தட்டி மகளை ஒரு மணி நேரம் பேச வைத்துவிடுவாள்.

விசைப்பலகைக்கு 'வாய்' என்று அவளே பேர் வைத்தாள். அது தொலைந்துபோனால் எங்கே என்று கேட்கவும் அது வேண்டும் என்பதால், கையைத் தட்டிக்கொண்டே வீடு முழுக்கத் தேடுவாள். ரூட்டுக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. குரல் கூடத்திலிருக்கும் கணினியிலிருந்து வருவதால், அவள் பக்கத்தில் நின்று தட்டினாலும் அவர் கணினியைப் பார்த்தே பதில் சொல்வார். அவள் வந்து அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள்.

மகள் போன் செய்தாள். விமானம் ஏறப் போகிற அவசரம் குரலில் தெரிந்தது.

"படம் வந்துச்சாப்பா?"

"வந்துச்சும்மா. மாமா எடுத்துட்டுப் போயிட்டான்."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"பொய் சொல்லாதீங்க." விமான நிலையத்தின் இரைச்சலை மீறிக் குரலை உயர்த்தினாள். "அப்பா, அம்மா வாய்ஸ் எல்லாம் பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"'வாலு'ன்னு ஒண்ணு இருக்குமே. எனக்கு அதக் கேக்கணும். வந்ததும் ஒரே ஒரு தடவ போடுங்க. அது போதும்."

"போடுறேன். நீ பாத்து வா."

போனை வைத்துவிட்டு, அதைத் தனியாக எடுத்து வைப்போம் என்று ரூட்டு அந்தக் கோப்புறையைத் திறந்தார். காலியாக இருந்தது. வேறு எதையோ திறந்துவிட்டோம் என்று மூடிவிட்டு மறுபடியும் திறந்தார். காலிதான். அப்புறம்தான் திரையில் மேலே போய், கொஞ்சம் முன்னால் தான் தட்டிய கட்டளையை வாசித்தார்.

rm -rf log *

log என்று தொடங்குகிறவற்றை மட்டும் அழிக்க வேண்டுமானால் நட்சத்திரத்தை log-ஓடு ஒட்டி எழுத வேண்டும். நடுவில் ஒரு இடைவெளி விழுந்திருந்தது. log-ஐ அழி, பிறகு இங்கே இருக்கிற எல்லாவற்றையும் அழி என்று கணினி அதைப் புரிந்துகொண்டது. அவள் குரல்களும் அதே கோப்புறையில்தான் இருந்தன. கேள்வி கேட்காதே என்று சொல்கிற எழுத்தையும் பழக்கதோஷத்தில் அவரே சேர்த்திருந்தார். அது கேட்கவில்லை.

வேலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் அவர் சொல்வது இதைத்தான்: "அழிக்கிற கமாண்ட் எழுதினா எண்டர் தட்றதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் மடியில வை. ஒரு தடவ வாசி. அப்புறம் தட்டு." இன்று அவர் கையை மடியில் வைக்கவில்லை. மச்சினன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

மூளை தன் வழக்கப்படி அடுத்த இடத்துக்கு ஓடியது: நகல் இருக்கிறது. பீரோவின் மேல் பழைய டிஸ்க் ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மணிக்கொரு தடவை எல்லாம் அதில் போய் உட்காரும். எழுந்து பாதி தூரம் போனவர் நடையிலேயே நின்றுவிட்டார். அந்த நகல் ஏற்பாட்டை எழுதியவரும் அவர்தான். இங்கே இல்லாதது அங்கேயும் இருக்கக் கூடாது, இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அழகான ஏற்பாடு என்று அப்போது தனக்குத்தானே மெச்சிக்கொண்டார். இந்த மணிக்கான நகலும் அதற்குள் முடிந்திருந்தது. பழைய டிஸ்க்கும் சொன்னபடி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புதிதாக வந்த அவள் படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் ஆஸ்பத்திரியில் அழவில்லை. நர்ஸ் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இப்போது பீரோவைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்தும் சத்தம் வராமல் அழுதார். ஒரே காலையில் அவளை இரண்டாவது தடவை இழந்தாகிவிட்டது. முதல் தடவைக்கு அவர் பொறுப்பில்லை.

அழுது முடித்து எழுந்தபோது ஆபீஸில் இருக்கிற ரூட்டு அவருக்குள் திரும்பி வந்திருந்தார். முதலில் நகல் ஏற்பாட்டை நிறுத்தினார். பழைய டிஸ்க்கைக் கணினியிலிருந்து விலக்கினார். இனி அதில் ஒரு எழுத்துகூட ஏறக் கூடாது.

அழிப்பது என்றால் புத்தகத்தின் தாளைக் கிழிப்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கணினி அவ்வளவு மெனக்கெடாது. பொருளடக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, இந்தப் பக்கங்கள் இனி காலி, யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடும். எழுதினது எழுதினபடி இருக்கும், அதன் மேல் வேறு ஒன்று எழுதப்படும் வரை. கணினிக்குள் இருக்கிற புது டிஸ்க் அந்த வகை இல்லை. காலியான இடத்தை அப்போதைக்கப்போது துடைத்துவிடும். அதில் நம்பிக்கை வைக்க முடியாது. சுற்றுகிற பழைய டிஸ்க்கில் வைக்கலாம். ஆனால் அதன் மேல்தான் அந்தப் படம் ஏறியிருக்கிறது. மச்சினன் பெருசாக அடிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிய பெரிய படம். அது எதன் மேல் போய் உட்கார்ந்ததோ.

ஆபீஸ் பையிலிருந்து காலி டிஸ்க் ஒன்றை எடுத்தார். பழையதை, கணினி தானாக அதில் எதையும் எழுதிவிடாதபடி இணைத்தார். அதன் ஒவ்வொரு அங்குலத்தையும் காலி டிஸ்க்கில் அப்படியே படியெடுக்கச் சொன்னார். கட்டளையைத் தட்டியதும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். எது எங்கிருந்து எங்கே போகிறது என்று இரண்டு தடவை வாசித்தார். இடம் மாறினால் காலி டிஸ்க் பழையதன் மேல் எழுதப்பட்டுவிடும். எண்டரைத் தட்டினார். எண் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கியது. மெதுவாகத்தான் ஏறியது.

மதியம் மச்சினன் சட்டம் போட்ட படத்தோடு வந்தான். கூடத்தில் அதைச் சுவரோரமாக வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல், "கெளம்பலாமா மாமா?" என்றான்.

"இது ஓடிட்டு இருக்கு. ஓடட்டும்" என்று திரையைப் பார்த்தே முணுமுணுத்துவிட்டு எழுந்தார். மச்சினன் அதைக் காதில் வாங்கவில்லை.

"சரி, நீங்க போய் கார்ல உக்காருங்க. நான் பூட்டிட்டு வர்றேன்."

ஆஸ்பத்திரி வாசலில் மகள் காத்திருந்தாள். ஒரே ஒரு பை. அப்பாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அவர்தான் போய் அவள் தோளில் கை வைத்தார். உள்ளே போய் அம்மாவைப் பார்த்தாள். ஆபரேஷன் துளையை மறைக்கத் தொண்டையில் எப்போதும் சுற்றியிருக்கும் துணியை நர்ஸ் எடுத்திருந்தாள். மகள் தன் கழுத்திலிருந்த துண்டை அவிழ்த்து அங்கே போர்த்தினாள்.

தகனக்கூடத்துக்குப் போகும் வழியில் மச்சினன் வண்டி ஓட்டினான். பின் சீட்டில் அப்பாவும் மகளும். ரூட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அம்மா வாய்ஸ் அழிஞ்சுபோச்சும்மா."

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"காலைல நீ கேட்டப்போ இருக்குன்னு நெனச்சுத்தான் சொன்னேன். அப்பவே இல்ல. அந்தப் படத்துக்கு எடம் பண்ணும்போது... நான்தான்."

"பேக்கப்?"

"அதுலயும் போச்சு."

அவள் அதை முழுங்குவதற்கு ஒரு சிக்னல் நேரம் ஆயிற்று. "ஆபீஸ்ல எப்பவாவது இந்த மாதிரி பண்ணியிருக்கீங்களாப்பா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பது போல.

"இல்ல."

அவள் அந்தப் பக்க ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள். அடித்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. "ஒரு டிஸ்க்குல தேடிட்டிருக்கேன். ஓடுது. கெடைக்கலாம்" என்றார்.

கண்ணாடியில் மச்சினன் கண் தெரிந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு இருந்திருக்க வேண்டும். "வீட்டப் பத்தி ஒண்ணும் யோசிக்காதீங்க மாமா. எல்லா பிளக்கையும் பிடுங்கி, மெயினையும் அணைச்சுட்டுத்தான் வந்தேன். பூட்டிக் கெடக்கற வீட்டுல ஏதாவது ஆகிடக் கூடாதுல்ல."

மகள் அப்பாவைப் பார்த்தாள். ரூட்டு கண்ணாடியில் தெரிந்த கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அலைகிற கண்கள். அக்கா வீட்டைத் தன் வீடு மாதிரிப் பூட்டிக்கொண்டு வந்த மனுஷன்.

"நல்லது மாப்ள" என்றார்.

படியெடுப்பது பாதியில் நின்றிருக்கும், அதைத் தொடர்ந்துகொள்ளலாம். பயம் அதில்லை. வருஷக்கணக்காக நிற்காமல் சுற்றுகிற டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை நின்று ஆறிவிட்டால் மறுபடி சுற்றாமலே போவதும் உண்டு. ஆபீஸில் அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறார். இப்போது அது பீரோவின் மேல் ஆறிக்கொண்டிருக்கும்.

தகனக்கூடத்தில் கொஞ்சம் பேர்தான். ஆபீஸிலிருந்து இரண்டு பேர், அக்கம்பக்கத்தார், டிரைவிங் ஸ்கூல் முதலாளி. மேஜையில் அந்தப் படத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு பெரிய படம் என்று ரூட்டு மனதுக்குள் கணக்குப் போட்டார். எத்தனை வார்த்தைகள் அதற்கு அடியில் போயிருக்கும்?

யாராவது ரெண்டு வார்த்தை பேசுகிறீர்களா என்று அங்கிருந்த ஊழியர் கேட்டார். எல்லோரும் ரூட்டைப் பார்த்தார்கள். அவர் முடியாது என்று தலையை அசைத்தார். கடைசியில் பின்னால் நின்ற ஒரு பெண் முன்னே வந்தாள், யாரும் கூப்பிடாமலே. பஸ் ஓட்டுகிறவள், சீருடையோடு வந்திருந்தாள்.

"எனக்கு வண்டி கத்துக்குடுத்தது டீச்சர்தான். மேடுல வண்டி நின்னுட்டா இப்பவும் காதுல கேக்கும், 'பதறாத, பின்னாடி இருக்கறவன் காத்திருப்பான்'னு. இன்னிக்குக் காலைலகூடக் கேட்டுச்சு." திரும்பப் போய்ப் பழைய இடத்தில் நின்றுகொண்டாள்.

ரூட்டுக்கு அந்தப் பெண் மேல் பொறாமையாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் இருந்தது. மனைவியின் குரல் அவள் காதில் பத்திரமாக இருக்கிறது. தன் காதுக்குள் தேடினால் கணினியிலிருந்து வந்த குரல்தான் கிடைக்கிறது. எப்போதும் ஒரே ஏற்ற இறக்கத்தோடு வந்த அந்தச் சில வார்த்தைகள். அதற்கு முன்னால் இத்தனை வருஷம் அவள் எப்படியெல்லாம் பேசினாள் என்று யோசித்துப் பார்த்தார். உதடு அசைவது தெரிந்தது. சத்தம் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பழைய டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்தார். டக் என்றது. நின்றது. மறுபடியும் டக். மகள் வாசல்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரூட்டு அதைக் கையில் எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்திப் பிடித்துக்கொண்டார். சூடு ஏறினால் சில சமயம் சுற்றும். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் கொடுத்தார். டக் என்றது. பிறகு உள்ளே ஏதோ முனகி, முனகல் மெல்ல ஒரே சீரான இரைச்சலானது. கையில் அதிர்வு தெரிந்தது.

"ஓடுதாப்பா?"

"ஓடுது."

விட்ட இடத்திலிருந்து எண் ஏறத் தொடங்கியது. மச்சினன் எதுவும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "சாப்பிட்டுப் போ மாப்ள" என்று ரூட்டு சொன்னார்.

மறுநாள் விடிந்து வெயில் கூடத்துக்குள் வந்தபோது படியெடுப்பது முடிந்திருந்தது. அதிலிருந்து கோப்புகளைப் பொறுக்கி எடுப்பது அடுத்த வேலை. அதற்கு ஒரு நிரல் இருக்கிறது. பொருளடக்கத்தை அது நம்பாது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துக்கொண்டே போய், ஒலி தொடங்கும் அடையாளம் எங்கெல்லாம் தென்படுகிறதோ அங்கெல்லாம் வெட்டி எடுத்துக் கொடுக்கும். யார் அழித்தது, எப்போது அழித்தது, தெரிந்து அழித்ததா தெரியாமல் அழித்ததா என்பதெல்லாம் அதற்குக் கிடையாது. கோப்பின் பெயரும் வராது. பெயர் பொருளடக்கத்தோடு போய்விட்டது. வெறும் எண்கள்தான் இருக்கும். எதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து கேட்க வேண்டியதுதான்.

அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேஜையில் அடுத்தடுத்து உட்கார்ந்து கேட்டார்கள். முதலில் வந்ததெல்லாம் குப்பை. மெயில் வந்தால் அடிக்கிற மணி. பாதிப் பாட்டு. சர்வர் அறையில் கெட்டுப்போன மின்விசிறியின் சத்தம். ரிப்பேர்காரனுக்குப் போட்டுக்காட்ட அவர் பதிந்தது. பிறகு ஒன்றைத் திறந்ததும் "மைக்க இப்படியா புடிக்கிறது? தள்ளுங்க, நானே புடிக்கிறேன்" என்றது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"இது என்னதுப்பா? இது லிஸ்ட்ல இல்லையே."

"அழிச்சது. சரியா வரலன்னு அம்மா அழிச்சது." சொல்லும்போதுதான் அவருக்கே புரிந்தது. பதிந்தவுடன் நகல் டிஸ்க்குக்குப் போயிருக்கிறது. அவள் அழித்ததும் அங்கேயும் அழிந்திருக்கிறது. அழிந்து, யாரும் மேலே எழுதாமல், இத்தனை காலம் அங்கேயே இருந்திருக்கிறது.

கடைசியில் தேறிய பதிவுகளில் பலவற்றைக் காணவில்லை. 'பிரேக்' வரவேயில்லை. 'சாப்பாடு ரெடி' பாதியில் அறுந்து கரகரத்தது. படம் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அவள் வேண்டாம் என்று தள்ளியவை குவிந்து கிடந்தன. இருமல். தும்மல். பேசிக்கொண்டே இருக்கும்போது வாசல் மணி அடித்து, "வர்றேன், வர்றேன், அதுக்குள்ள என்ன அவசரம்" என்று எழுந்து போகிற சத்தம். 'யார் கேட்டா உங்கள' என்பதை விதவிதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். ஒன்றில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து மூச்சு வாங்குகிறது வரை பதிவாகியிருந்தது.

வெயில் மேஜைக்கு வந்தபோது அது கிடைத்தது.

"வாலு." சின்ன இடைவெளி. "ம்ஹூம், திட்ற மாதிரி இருக்கு. பாவம் அது." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வாலு... டேய் வாலு. என்னடி பண்ற?"

மகள் கையை நீட்டி மறுபடியும் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். பிறகு மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ரூட்டு அவள் முதுகில் கை வைத்தார். அவள் அதைத் தட்டிவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே, "இது லிஸ்ட்ல இருந்ததவிட நல்லாருக்குப்பா" என்றாள்.

"ஆமா."

"நேத்து கார்ல நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"நீ கேட்டது சரிதான்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து குளிக்கப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் எண்கள் பாக்கி இருந்தன. மகளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவர் என்பதால் அடுத்ததைத் தட்டினார். காலி. அதற்கடுத்தது மெயில் மணி. அதற்கடுத்தது நீளமாக இருந்தது.

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு வீட்டின் சத்தம்: மின்விசிறி, எங்கோ ஒரு பாத்திரம். பகல் வேளையாக இருக்க வேண்டும். அவர் ஆபீஸில் இருந்திருப்பார். ஒரு மூச்சு. பிறகு அவள் அவருடைய பெயரைச் சொன்னாள்.

ரூட்டு என்று அல்ல. அவருடைய அப்பாவும் அம்மாவும் வைத்த பெயரை. அவர்கள் இருவரும் போன பிறகு அந்தப் பெயர் அடையாள அட்டையில்தான் இருந்தது; நேற்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டபோது எழுதினார். அவள் அதைச் சொல்லி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னங்கதான். எல்லா வீட்டிலும் அப்படித்தானே என்று அவரும் எதிர்பார்த்ததில்லை. அப்படி ஒரு ஆசை தனக்கு இருந்தது என்பதே இப்போதுதான் தெரிந்தது.

முதல் தடவை சின்னக் குரலில், யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்பது மாதிரிச் சொன்னாள். கொஞ்சம் தைரியம் வந்து இரண்டாவது தடவை சொன்னாள். மூன்றாவது தடவை தன் சொந்தக் குரலில், தெருக்கோடியில் போகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி, முழுப் பெயரையும் நீட்டிக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். மின்விசிறி ஓடியது. யாரும் இல்லாத வீட்டில் பதில் வருகிறதா என்று பார்ப்பவள் போல அவள் காத்திருந்தாள்.

"ம்" என்றார் ரூட்டு.

"ஐயோ, நல்லாவே இல்ல" என்று அவள் சிரித்தாள். பதிவு முடிந்துவிட்டது.

அவர் மறுபடியும் தட்டினார். நாற்காலி இழுபட்டது. மின்விசிறி. மூச்சு. சின்னக் குரல். அடுத்த குரல். மூன்றாவது தடவை அவள் கூப்பிட்டபோது குளியலறையில் குழாய் நின்றது. கதவு திறந்து, தலையில் துண்டோடு மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, வாசல்ல யாரோ உங்களப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க பாருங்க."

அவர் எழவில்லை. கை விசையிலேயே இருந்தது. நேற்றிலிருந்து தூங்காத மனுஷன், காது கேட்கவில்லை போல என்று நினைத்து மகளே ஈரக்காலோடு கூடத்தைக் கடந்து போய் வாசல் கதவைத் திறந்தாள். தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"யாருமில்லப்பா" என்று கதவைச் சாத்தப் போனாள்.

சாத்த வேண்டாம் என்று அவர் கையால் காட்டினார்.